டேர்டெவில் பார்த்த பிறகு கோலை மடித்து வைத்த மாணவன்: கடலூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் மாணவன், குடும்பத்தார், நண்பர்கள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை லேசாக மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் முழுவதையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னான், அவற்றையும் சேர்த்துவிட்டேன். நான் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நடமாட்டப் பயிற்சி கொடுப்பவள். கடலூரைச் சுற்றி வீடு வீடாகப் போய், வெள்ளைக் கோலோடு தெருவில் நடக்கச் சொல்லித்தருவது என் வேலை.

பின்னணி

மாணவனுக்கு அப்போது 17 வயது, பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். வீடு திருப்பாதிரிப்புலியூரில். அம்மா தன் சொந்தத் தாய்மாமனையே கட்டிக்கொண்டவர். பையன் ஏழெட்டு வயதிலிருந்தே பொழுது சாய்ந்தால் தடுமாறுவானாம். மாலைக்கண் என்று நினைத்து முருங்கைக்கீரையும் மீன் எண்ணெய் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். 14 வயதில்தான் புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனையில் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று தெரிந்தது. ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு வரும் பரம்பரை நோய் இது. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் விழித்திரை செல்கள் முதலில் அழியும். அதனால் முதலில் இரவுப் பார்வை போகும், அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கும். நடுவில் மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஒரு வட்டம் பல வருடங்கள் மிச்சமிருக்கும்.

இவனுக்கு நல்ல கண்ணில் மிச்சமிருந்த பார்வைப் புலம், அதாவது ஒரே பார்வையில் தெரியும் பரப்பு, சுமார் 8 டிகிரி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி பார்வைப் புலம் 10 டிகிரிக்குக் குறைந்தாலே பார்வையின்மைதான். எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது அதற்குக் குறுக்கே வராது. ஆனால் வீட்டில் சட்டம் பேசி என்ன செய்வது? "போன் பாக்குறான், ஊசியில நூலு கோக்குறான், தெருவுல மட்டும் போயி மாட்டுமேல இடிக்கிறான். எனக்குப் புரியல டீச்சர்" என்று அவன் அப்பா என்னிடம் முதல் நாளே சொன்னார். அதில் கோபம் இல்லை, உண்மையான குழப்பம்தான் இருந்தது. பள்ளியிலும் அதே பேச்சு. கோல் பிடித்துக்கொண்டு போனைப் படிக்கிறவனைப் பார்த்து, "நடிக்கிறான்டா" என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் மாதம் கோல் கொடுத்தோம். நெஞ்செலும்பு உயரத்துக்கு அளந்து 115 செ.மீ. எட்டு வகுப்புகளில் நன்றாகவே கற்றுக்கொண்டான். தோள் அகலத்தைவிடச் சற்று அதிகமாக வீசி, இடது கால் போகும்போது வலப்பக்கம் தட்டி, வலது கால் போகும்போது இடப்பக்கம் தட்டி நடக்கும் முறை மூன்றாம் வகுப்பிலேயே கைவந்துவிட்டது. என் குறிப்பேட்டில் "தொடர் கண்காணிப்பு போதும்" என்று எழுதி, மாதம் ஒரு தடவை என்று குறைத்துக்கொண்டேன். அது அவசரப்பட்டு எடுத்த முடிவு.

நடுவில் வந்த தொடர்

ஜூலையில் அவனுடைய சித்தப்பா மகன், பொறியியல் படிக்கிற அண்ணன், டேர்டெவில் தொடரை அறிமுகப்படுத்தியிருக்கிறான். ஸ்டான் லீ எழுதி பில் எவரெட் வரைந்து 1964இல் வெளியான மார்வெல் காமிக்ஸ்தான் மூலம். லாரியில் அடிபட இருந்த ஒரு முதியவரைச் சிறுவன் மேட் மர்டாக் தள்ளிக் காப்பாற்றுகிறான். லாரியிலிருந்து கொட்டிய ரசாயனத்தால் அவன் பார்வை போகிறது, மற்ற புலன்கள் எல்லாம் பல மடங்கு கூர்மையாகின்றன. வளர்ந்து பகலில் வக்கீல், இரவில் முகமூடி. நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதிதான் களம். நெட்ஃபிளிக்ஸில் 2015 ஏப்ரல் 10 முதல் 2018 வரை மூன்று பருவங்கள், 39 பகுதிகள்.

மாணவன் இதைப் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். 8 டிகிரி வட்டத்துக்குள், கையை முழுக்க நீட்டிப் பிடித்தாலும் போன் திரையில் பாதிதான் ஒரு நேரத்தில் தெரியும். தொடரோ பெரும்பாலும் இருட்டில் எடுக்கப்பட்டது. மாலைக்கண் உள்ளவனுக்குச் சண்டைக் காட்சி வெறும் கறுப்பு. ஆகவே அவன் தொடரைக் காதால்தான் பார்த்தான். ஆங்கிலம் பாதி புரியும், மீதியை அண்ணன் தமிழில் சொல்லுவான். முதல் பருவத்தின் இரண்டாம் பகுதியில் நீளமான நடைகூடச் சண்டை ஒன்று உண்டு. ஒரே ஷாட்டில் எடுத்ததுபோல ஓடும் அந்தக் காட்சியில் பல அடிகள் அறைக் கதவுகளுக்குப் பின்னால், நம் கண்ணுக்கு மறைவாகத்தான் விழுகின்றன. "அந்த எடத்துல அண்ணனுக்கும் எனக்கும் ஒரே அளவுதான் தெரிஞ்சுது மிஸ்" என்றான். இதைச் சொன்னபோது அவன் முகத்திலிருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பார்வையற்றவர் கதாநாயகனாக வரும் ஒரு கதையில், அவனும் பார்வையுள்ளவனும் சமமாக உட்கார்ந்த இடம் அது.

கவனித்தவை

ஆகஸ்டில் அவன் கோலின் நுனியைப் பார்த்தேன். இரண்டு மாதம் தெருவில் தேய்ந்த நுனி போல இல்லை, புதிது போலவே இருந்தது. கேட்டதற்கு "பத்திரமா வச்சிக்கிறேன் மிஸ்" என்றான். நானும் விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் அம்மா போனில் சொன்னவை வேறு. நடக்கும்போது நாக்கால் டொக், டொக் என்று சத்தம் போடுகிறான். நண்பர்கள் பின்னாலிருந்து ரப்பர் பந்தை வீசி "பிடிடா டேர்டெவிலு" என்கிறார்கள். பத்து தடவையில் ஒரு தடவை கைக்குள் விழுந்தால் ஊரே கத்துகிறது. கோல் மடித்தபடி பைக்குள் கிடக்கிறது. அம்மாவுக்கு இதில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. மகன் சிரித்துப் பார்த்து வருஷக்கணக்காகிறது என்றார்.

பந்து விளையாட்டு அவனுக்கு எதைக் கொடுத்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. "நடிக்கிறான்" என்ற பட்டம் போய் "டேர்டெவிலு" என்ற பட்டம் வந்திருந்தது. கோலை எடுத்தால் பழைய பட்டம் திரும்ப வரும். இவ்வளவுதான் கணக்கு.

ஐப்பசி மாத விபத்து

மழைக்காலம். டியூஷன் முடிந்து நான்கு பேரோடு வந்துகொண்டிருந்தான், மாலை ஆறே முக்கால் இருக்கும். தெருவோரச் சாக்கடையைத் தூர்வார ஒரு மூடுகல்லை எடுத்தவர்கள் தடுப்பு எதுவும் வைக்காமல் போயிருந்தார்கள். நண்பர்கள் நால்வரும் பேசிக்கொண்டே விலகிப் போனார்கள், இவன் நேராக உள்ளே இறங்கிவிட்டான். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. தாடையில் மூன்று தையல்.

மூடுகல்லைத் திறந்து போட்டது பெரிய தவறு. அதற்கு அப்பா மனு எழுதிக் கொடுத்தார், இரண்டு நாளில் கல்லை மூடினார்கள். ஆனால் என் பங்கு தனி. தேயாத நுனியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு மறு கேள்வி கேட்காமல் வந்தவள் நான்.

முதல் முடிவும் அதன் விளைவும்

மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் வீட்டில் கூடிப் பேசினோம். நான் சொன்னது: அந்தத் தொடரை நிறுத்துங்கள். அதற்கு மூன்று காரணங்கள் வைத்திருந்தேன். அது பெரியவர்களுக்கான தொடர், ரத்தமும் எலும்பு முறிவும் நிறைய. கதாநாயகனின் கோல் அதில் ஒரு வேஷம், முகமூடி மாட்டும் நேரத்தில் தூக்கி எறியப்படும் பொருள். அப்புறம், கண் இல்லாமலே சுற்றி இருப்பதை உணரும் அவனுடைய ரேடார் புலன் காமிக்ஸ் கற்பனை. மூன்றுமே உண்மைதான். அப்பா அன்றைக்கே அண்ணனிடம் சொல்லி, தொடர் பார்க்கும் கணக்கை மாற்றவைத்தார்.

அடுத்த பத்து நாள் மாணவன் என்னோடு பேசவில்லை. கோலைத் தொடவில்லை. டியூஷனுக்கும் போகவில்லை. பதினோராம் நாள் அவன் ஆயாதான் பேச்சைத் தொடங்கினார். சுந்தரர் பிறந்த திருநாவலூர்ப் பக்கம்தான் அவருக்குப் பிறந்த வீடு. கண் போன சுந்தரர் திருவெண்பாக்கத்தில் வேண்டியபோது சிவன் பார்வை கொடுக்காமல் ஊன்றுகோல் கொடுத்த கதையைச் சொன்னார். "கண்ணக் கேட்டா கோலக் குடுக்கிறியான்னு வீசி எறிஞ்சாரு. நந்தியோட கொம்பு ஒடஞ்சிபோச்சி. அவருக்கே அவ்ளோ கோவம்னா இவன் சின்னப் புள்ள." பூண்டியில் இப்போதிருக்கும் ஊன்றீஸ்வரர் கோயில் நந்திக்கு ஒரு கொம்பு உடைந்திருப்பதற்குத் தலபுராணம் சொல்லும் காரணம் இதுதான்.

எனக்கு அந்தப் பேச்சில் ஒன்று தைத்தது. கோல் எதற்கு என்று அவனுக்கு எட்டு வகுப்பு எடுத்தேன். கோல் மீது என்ன கோபம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மாற்றிய முடிவு

தடையை எடுத்தோம். அம்மா ஒரு நிபந்தனை வைத்தார்: அண்ணன் கூட இருக்கும்போது மட்டும், கொடூரமான இடங்களைத் தாண்டிவிட வேண்டும். நான் என் பங்குக்கு, முதல் பருவத்தின் 13 பகுதிகளையும் ஒலி விவரிப்போடு கண்ணை மூடிக்கொண்டு கேட்டு முடித்தேன். தொடர் வெளியானபோது அந்த வசதி அதில் இல்லை. பார்வையற்றவரைப் பற்றிய தொடரைப் பார்வையற்றோர் பின்தொடர முடியவில்லையே என்று எதிர்ப்பு எழுந்தது. நான்கே நாளில், ஏப்ரல் 14 அன்று, நெட்ஃபிளிக்ஸ் தன் ஒலி விவரிப்புச் சேவையை இந்தத் தொடரிலிருந்தே தொடங்கியது. யார் எங்கே நிற்கிறார், கை எங்கே போகிறது என்று வசன இடைவெளிகளில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும். மாணவனுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. போட்டுக் காட்டியபோது, "அப்போ இது எனக்கும் சேத்துதானா?" என்று கேட்டான். வலது கை நன்றாக இருந்ததால் பயிற்சியையும் அன்றே தொடங்கினோம்.

கோல் வேஷமா?

அவன் வாதம் தெளிவாக இருந்தது. மர்டாக் கோல் பிடிப்பது ஊரை ஏமாற்ற, நிஜத்தில் அவனுக்குத் தேவையில்லை. நான் மறுக்கவில்லை, கதையில் அது அப்படித்தான். அந்த வேடத்தில் நடித்த சார்லி காக்ஸ் பார்வை உள்ளவர். கோல் பிடிப்பதையும் நடப்பதையும் அவர் ஜோ ஸ்ட்ரெச்சே என்ற பார்வையற்ற ஆலோசகரிடம் கற்றுக்கொண்டார். நடிக்க வந்தவருக்கே அது கற்க வேண்டிய தொழில் என்று சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்தான், ஆனால் மசியவில்லை.

நாக்கொலிக்கு வந்தோம். ரேடார் புலனோடு சேர்த்து இதையும் கற்பனை என்று நான் முன்பு பொத்தாம் பொதுவாக ஒதுக்கியது தவறு. எதிரொலி கேட்டு நடப்பது நிஜமான திறமை. அமெரிக்காவின் டேனியல் கிஷ் குழந்தைப் பருவத்திலேயே இரண்டு கண்களையும் புற்றுநோயால் இழந்தவர். நாக்கொலியாலேயே மரம், சுவர், நிற்கும் கார் எல்லாம் சொல்லுவார், மற்றவர்களுக்கும் கற்றுத்தருகிறார். அவர் கையில் எப்போதும் நீளமான கோல் இருக்கும். இதைச் சொன்னதும் மாணவன் தலையைத் திருப்பினான். "அவரு எதுக்கு ஸ்டிக் வச்சிருக்காரு?"

பதில் சொல்லாமல் சோதித்துப் பார்த்தோம். கண்ணைத் துணியால் கட்டி, முகத்துக்கு முன் கை நீளத்தில் பெரிய தாம்பாளத்தைப் பிடித்தும் எடுத்தும் காட்டினேன். மூன்றாம் நாளில் பத்துக்கு ஏழெட்டு சரியாகச் சொன்னான். பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தில் தூணும் இடைவெளியும் மாறி வருவதைக் கேட்டுக்கொண்டே நடந்தான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி ஒலிக்க அங்கே சுவர் இல்லை, அலைச் சத்தம் வேறு. கடைசியாக அவர்கள் வீட்டுத் திண்ணைப் படி. தோளைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நிறுத்தினேன். பல தடவை நாக்கைச் சொடுக்கினான். "கீழ எதுவும் கேக்கல மிஸ்." கோலைக் கையில் கொடுத்தேன். நுனி தரையிலிருந்து நழுவி ஒரு சாண் கீழே போய்த் தட்டியது.

பள்ளம் எதிரொலிக்காது. முன்னால் நிற்பதைக் காது சொல்லும், காலடியில் இல்லாமல் போனதைக் கோல்தான் சொல்லும். இதை நான் வாயால் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் கழித்து "சாக்கடையும் கேட்டிருக்காது" என்று அவனே சொன்னான். அப்புறம் சிரித்துக்கொண்டே, மர்டாக்குக்குச் சின்ன வயதில் பயிற்சி கொடுத்த பார்வையற்ற கிழவர் ஏழாம் பகுதியில் கோலோடுதான் வருகிறார், அவர் பேரே ஸ்டிக் என்றான்.

நண்பன் கேட்ட கேள்வி

பத்தாம் பகுதியில், மர்டாக்கின் வக்கீல் கூட்டாளியான நெருங்கிய நண்பனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. உனக்கு நிஜமாகவே பார்வை இல்லையா என்று ஆத்திரத்தோடு கேட்கிறான். இந்த இடத்தில் மாணவன் நிறுத்தச் சொன்னான். "என்னயும் இதேதான் கேக்குறாங்க" என்றான். அதுவரை அவன் யாரிடமும், அம்மாவிடம்கூட, சொல்லாத விஷயம் அது. முழு நிகழ்விலும் தொடர் எங்களுக்குச் செய்த பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். நான் நேராகக் கேட்டிருந்தால் வந்திருக்காது.

மறு வாரம் நண்பர்கள் நால்வரையும் அப்பாவையும் மொட்டை மாடிக்கு அழைத்தோம். 20 செ.மீ நீளம், 3 செ.மீக்குச் சற்றுக் குறைந்த வாய் உள்ள காகிதக் குழாய்களைச் சுருட்டியிருந்தேன். அந்த அளவில் பார்த்தால் ஏறக்குறைய 8 டிகிரிதான் தெரியும். முதலில் குழாய் வழியாகப் போனைப் படிக்கச் சொன்னேன், எல்லோரும் படித்தார்கள். அப்புறம் அதே குழாயோடு, கறுப்புக் கண்ணாடியும் போட்டு, மங்கிய மாலையில் மாடியில் கிடந்த வாளி, கயிற்றுக்கட்டில், பூந்தொட்டிகளுக்கு நடுவே நடக்கச் சொன்னேன், கூட ஆள் பிடித்துக்கொள்ள. அப்பா வாளியை உதைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

இந்த மாதிரி பாவனைப் பயிற்சிகளில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. நீட்டினால் பயமும் பரிதாபமும்தான் மிஞ்சும். பத்து நிமிடத்தில் நிறுத்தி, உடனே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன். அவன் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவன் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்வான், நீங்கள் அரையடி முன்னால் நடந்தால் போதும். பந்து வீசுவதை நிறுத்தச் சொல்ல வேண்டுமா என்று மாணவனிடம் கேட்டேன். நானே சொல்லிக்கிறேன் என்றான், சொன்னான். ஒரு நண்பன் அதற்குப் பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

பின்பு நடந்தவை

மாவுக்கட்டு அவிழ்த்த பிறகு நான்கு மாதம் தொடர்ந்து பார்த்தேன். பொழுது சாய்ந்தால் கோல் இல்லாமல் வெளியே போவதில்லை. சொந்தத் தெருவில் பகலில் எடுப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் மடித்துவிடுகிறான், அண்ணன் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறான். அதை மாற்ற நான் முயலவில்லை, எங்கே எடுப்பது என்பது அவன் முடிவு. நாக்கொலியை விடவில்லை, சுவரோரம் நடக்க உதவுகிறது என்கிறான். அப்பா இன்னும் சில நாள் "பாத்து வரக்கூடாதா" என்று கத்திவிடுகிறார், பிறகு அவரே நிறுத்திக்கொள்கிறார். தொடரில் மூன்றாம் பருவம் வரைக்கும் போய்விட்டான்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்த கூட்டத்தில் கோலை வீசி நடக்க இடமில்லை. யாரோ மிதித்து இரண்டாவது இணைப்பில் ஒடிந்துவிட்டது. கூட்டத்தில் கோலைச் செங்குத்தாக உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் முறையை நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நண்பனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்து சேர்ந்தான்.

இனி வேறு மாதிரி செய்யப்போவது

கோல் கொடுத்த முதல் மூன்று மாதங்களில், மாதம் ஒரு தடவை என்பது போதாது, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது போக வேண்டும். நுனியின் தேய்மானத்தை ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதுகிறேன். தேயவில்லை என்றால் காரணம் தெரியாமல் எழுந்து வருவதில்லை.

என்ன பார்க்கிறாய், என்ன கேட்கிறாய் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்கிறேன். தொடர், சினிமா, விளையாட்டு எதுவானாலும் சரி. கோலைப் பற்றி அவர்கள் மனதில் இருக்கும் படம் அங்கிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. டேர்டெவில் காமிக்ஸ் வெளியான அதே 1964இல்தான் அமெரிக்காவில் அக்டோபர் 15 வெள்ளைக் கோல் நாளாக அறிவிக்கப்பட்டது. இப்போதெல்லாம் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுகிறேன். கேட்கிறார்கள்.

நண்பர்களையும் அப்பாவையும் விபத்துக்குப் பிறகு அழைத்தேன். இரண்டாம் வகுப்பிலேயே அழைத்திருக்க வேண்டும். இரவுப் பார்வை போனவனுக்கு எட்டு வகுப்பையும் காலை வெயிலில் எடுத்ததும் என் பிழை. இப்போது பாதி வகுப்பு மாலை ஆறு மணிக்கு மேல்.

ஒடிந்த கோலைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்தான், கீழ்த் துண்டை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொண்டு. நிற்கவைத்து மறுபடி அளந்தேன். எட்டு மாதத்தில் வளர்ந்திருந்தான். புதிதாக 120 செ.மீ கோலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.